வீட்டுக் கோழிகளுக்கு ஒரு முதிர்ந்த சேவல்: தேடுவது, சோதிப்பது, கூட்டத்தில் சேர்ப்பது

ஓர் அடையில் பத்துக் குஞ்சு பொரித்தால் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். வளர்ப்பவருக்கோ பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதி இளஞ்சேவல்கள் நான்கைந்து மாதத்தில், தொண்டை உடைந்து கூவத் தொடங்கும் வயதில், கறிக்கோ இனாமாகவோ போய்விடும். அதனால் இளஞ்சேவல் எங்கே கேட்டாலும் கிடைக்கும். இரண்டு வயதுச் சேவல் அப்படிக் கிடைக்காது. கூடப் பிறந்தவை எல்லாம் போன பின்னும் ஒரு சேவல் அந்த வயது வரை உயிரோடு இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். ஏன் நிறுத்தி வைத்தார்? இப்போது ஏன் விடுகிறார்? இந்த இரண்டு கேள்விக்கும் நம்பத்தகுந்த பதில் கிடைக்கும் இடத்தில்தான் உங்கள் சேவல் இருக்கிறது. நிறத்தையும் வால் அழகையும் பார்த்து நான் வாங்கிய முதல் சேவலுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. அதன் விளைவை என் கெண்டைக்கால் இன்னும் மறக்கவில்லை.

முதலில்: சேவல் தேவையா?

முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவருக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைகள் முட்டையிடும். அவை பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டும் என்றாலோ, பருந்தும் கீரியும் வரும் வெளியில் கோழிகள் மேய்கின்றன என்றாலோ சேவலுக்கு வேலை இருக்கிறது. நல்ல சேவல் மேயும்போது அடிக்கடி தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும். வானத்தில் வரும் ஆபத்துக்கு ஒரு குரலும் தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரலும் கொடுக்கும். பெட்டைகள் அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு ஒன்றுக்குப் பதுங்கும், மற்றொன்றுக்கு நிமிர்ந்து நிற்கும்.

பெட்டைகளின் எண்ணிக்கையை இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். உடல் கனத்த இனங்களில் ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டை, மெலிந்த சுறுசுறுப்பான இனங்களில் பத்து முதல் பன்னிரண்டு என்பது பொதுவான கணக்கு. மூன்று நான்கு பெட்டை மட்டும் வைத்திருப்பவர் சேவலைச் சேர்த்தால், அந்த நான்கின் முதுகிலும் சில வாரங்களில் இறகு இருக்காது. அப்படிப்பட்டவர் பொரிக்கும் முட்டையை வேறு இடத்தில் வாங்கி அடைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பிறகு கூவல். விடியலில் ஒரு முறை கூவிவிட்டு ஓய்ந்துவிடும் என்று எண்ணிச் சேவல் வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். விடியலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே தொடங்கும்; பகல் முழுதும் காரணம் இருந்தும் இல்லாமலும் தொடரும். வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எப்போதும் மங்கிய வெளிச்சமே இருக்கும் அறையில் சேவல்களை அடைத்துவைத்து, உடலுக்குள் ஓடும் கடிகாரமே அவற்றை விடியலுக்கு முன் கூவ வைக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். ஆகவே கூண்டை இருட்டாக்கினால் அடங்கிவிடும் என்ற யோசனை பெரிதாக உதவாது. அடுத்த வீட்டாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குடியிருப்புப் பகுதியில் சேவல் வளர்க்கத் தடை உண்டா என்பதையும் விசாரித்துவிடுங்கள். இவை சேவல் வந்த பிறகு செய்யும் வேலைகள் அல்ல.

எந்த வயது?

ஒரு வயதுக்குக் கீழே இருப்பது இளஞ்சேவல். ஐந்தாறு மாதத்தில் மெலிந்த இனங்களுக்கும் ஏழெட்டு மாதத்தில் கனத்த இனங்களுக்கும் இணைசேரும் பருவம் வந்துவிடும். ஆனால் உடல் முந்திக்கொள்ளும், புத்தி பிந்தித்தான் வரும். பெட்டையைத் துரத்திப் பிடித்துக் கழுத்தைக் கொத்தி இழுப்பதும், கண்டதோடெல்லாம் சண்டைக்கு நிற்பதும் இந்த வயதின் குணம். ஐந்து மாதத்தில் சாதுவாக இருந்தது எட்டாம் மாதத்தில் மனிதர்மேல் பாயலாம். அதாவது இளஞ்சேவலை வாங்குபவர் இன்னும் முடிவு தெரியாத ஒன்றை வாங்குகிறார்.

ஒன்றரை வயதைத் தாண்டிய சேவலின் குணம் பெரும்பாலும் படிந்துவிட்டிருக்கும். நீங்கள் பார்ப்பதுதான் உங்களுக்குக் கிடைப்பது. ஒன்றரை முதல் மூன்று வயது வரை தேடுங்கள். அதற்குப் பிறகு கரு கொடுக்கும் திறன் மெல்லக் குறையும். ஐந்து வயதுச் சேவல் காவலுக்கு நன்றாக இருக்கும். குஞ்சுக்கு அதை நம்ப முடியாது.

வயதைச் சொல்பவர் சரியாகத்தான் சொல்கிறாரா என்பதைக் காலைப் பார்த்துத் தோராயமாக அறியலாம். இளஞ்சேவலுக்கு முள் இருக்கும் இடத்தில் ஒரு மொட்டு மட்டும் தெரியும். ஒரு வயதை ஒட்டி அது அரை அங்குலம் அளவுக்கு நீளும். இரண்டாம் வயதில் ஓர் அங்குலத்தைத் தொட்டு, நுனி வளைந்து கெட்டிப்படும். இனத்துக்கு இனம் இது மாறும். முள்ளை அறுத்துவிட்டிருந்தால் அளவே பொருந்தாது. ஆனால் "மூன்று வயது" என்று சொல்லப்படும் சேவலுக்கு அறுத்த அடையாளமும் இல்லாமல் வெறும் மொட்டு மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

எங்கே கிடைக்கும்?

ஒரே இனத்தைப் பல ஆண்டுகளாகக் காப்பாற்றி வருபவர்கள்தான் முதல் இடம். அவர்களுக்கு ஒரு சிக்கல் வரும்: இரண்டு மூன்று ஆண்டில் அந்தச் சேவலின் மகள்களே முட்டையிடத் தொடங்கிவிடும். தகப்பனை மகள்களோடு சேர்த்தால் இரத்தம் நெருங்கி, பொரிப்பு குறையும், குஞ்சு சோனியாகும். அதனால் அருமையான சேவலை மனமில்லாமல் மாற்றுவார்கள். "இதன் பெட்டைக் குஞ்சுகளை நான் வைத்துக்கொண்டேன், அதனால் இதை விடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் குஞ்சுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் உங்கள் தேடல் அநேகமாக முடிந்துவிட்டது. சேவல் நல்லதா என்பதற்கு அதன் பிள்ளைகளைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

இப்படிப்பட்டவர்கள் விற்பனைக்கு அறிவிப்பு வைப்பது அரிது. வேறு கோழி வளர்ப்பவர்கள், தீவனம் விற்பவர், கால்நடை மருத்துவர் ஆகியோரிடம் சொல்லி வைத்தால் செய்தி வந்து சேரும். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்து அடுத்த ஆண்டுக்கான கூட்டத்தைப் பிரித்து வைக்கும் சமயம் கேட்பது பலன் தரும். "இப்போது இல்லை, அடுத்த பருவத்தில் ஒன்று மாற்றுவேன்" என்று சொன்னால் காத்திருங்கள். சேவல் இல்லாமல் ஆறு மாதம் போனால் உங்கள் கோழிகளுக்கு எதுவும் ஆகிவிடாது.

அடுத்த இடம், கூவல் தொல்லையால் கொடுக்க நேர்ந்தவர்கள், வீடு மாறுபவர்கள். இங்கேயும் நல்ல சேவல் கிடைக்கும். காரணம் உண்மைதானா என்று மட்டும் பார்க்க வேண்டும். "அடுத்த வீட்டார் புகார்" என்பது "என்னைக் கொத்துகிறது" என்பதன் மரியாதையான வடிவமாகவும் இருக்கலாம்.

பல இடத்துப் பறவைகள் ஒரே கூண்டில் அடைபடும் சந்தையைக் கடைசியாக வையுங்கள். சேவலை அதன் கூட்டத்தோடு பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடையாது. எந்த நோய் எந்தக் கூண்டிலிருந்து தொற்றியது என்பதும் தெரியாது. சண்டைக்காகப் பழக்கிய வம்சத்தையும் புதிதாக வளர்ப்பவர் தவிர்ப்பது நல்லது. மனிதரிடம் அவை சாதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் அவற்றுக்குப் பிறக்கும் சேவல் குஞ்சுகளைத் தனித்தனியே அடைத்து வளர்க்க உங்களிடம் இடம் இருக்காது.

போவதற்கு முன் பேச வேண்டியவை

தொலைபேசியிலேயே பாதியைத் தெரிந்துகொள்ளலாம். எப்போது பொரித்தது, யாரிடம் வளர்ந்தது, எத்தனை பெட்டையோடு இருக்கிறது, அடைக்கு வைத்த முட்டையில் எத்தனை பொரித்தன, என்னென்ன தடுப்பு மருந்து போட்டார்கள், கடந்த ஆறு மாதத்தில் கூட்டத்தில் ஏதாவது செத்ததா, புதிதாகப் பறவை ஏதும் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஒரு கேள்வியை மட்டும் நேராகக் கேட்காமல் சுற்றிக் கேளுங்கள். "முட்டும் பழக்கம் உண்டா?" என்றால் எவரும் இல்லை என்றுதான் சொல்வார். "உங்கள் வீட்டில் முட்டை எடுக்க யார் போவார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பிள்ளைகள்தான்" என்றால் நிம்மதி. "நான் மட்டும்தான், வேறு யாரையும் விடுவதில்லை" என்றால் மேலும் விசாரியுங்கள்.

உங்கள் பெட்டைகளின் உடல் அளவையும் சொல்லுங்கள். கனத்த சேவல் குட்டை இனப் பெட்டையின் முதுகில் ஏறினால் இடுப்பு ஒடியும் அளவுக்குக் காயம் வரலாம். தலைகீழாக, குட்டைச் சேவல் பெரிய பெட்டைகளோடு சேர்ந்தால் ஆசைக்குக் குறைவிருக்காது, எட்டாது.

நேரில் பார்க்கும்போது

இங்கேதான் பொறுமை வேண்டும். கூடையில் போட்டுத் தயாராக வைத்திருக்கும் சேவலை வாங்க வேண்டாம். கூட்டத்தோடு மேயும்போது பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். அரை மணி நேரம் வேலிக்கு வெளியே சும்மா நில்லுங்கள்.

முதலில் சேவலைப் பார்க்காதீர்கள், பெட்டைகளைப் பாருங்கள். முதுகும் பின்தலையும் மொட்டையாகி, இறக்கையின் கீழே கீறல் இருந்தால் சேவல் முரடு, அல்லது பெட்டை எண்ணிக்கை போதவில்லை. இறகு உதிரும் காலத்திலும் கோழி அலங்கோலமாகத்தான் தெரியும். ஆனால் அப்போது உடல் முழுவதும் உதிரும், புது இறகின் குருத்து எட்டிப் பார்க்கும். முதுகில் மட்டும் தேய்ந்திருந்தால் அது சேவலின் வேலை. சேவல் அருகில் வந்ததும் பெட்டைகள் சிதறி ஓடுகின்றனவா, அதன் பக்கத்திலேயே நின்று கிளறுகின்றனவா என்பதும் நிறையச் சொல்லும்.

பிறகு ஒரு பிடி தானியத்தைப் போடச் சொல்லுங்கள். நல்ல சேவல் முதலில் தான் தின்னாது. ஒரு மணியை அலகில் எடுத்துக் கீழே போட்டு, திரும்ப எடுத்துப் போட்டு, தொண்டைக்குள் கொக்கொக் என்று அடுக்கடுக்காகக் குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கும். அவை வந்து தின்னும்வரை நிமிர்ந்து நிற்கும். பெட்டையை நெருங்கும்போது ஒரு பக்க இறக்கையைத் தரையை உரசும்படி தாழ்த்தி, பக்கவாட்டில் சுற்றி வரும். பெட்டை விலகினால் விட்டுவிடும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் என் மனம் பாதி இறங்கிவிடும். தானியத்தின் மேல் விழுந்து பெட்டைகளையும் கொத்தி விரட்டும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மூன்றாவதாக வளர்ப்பவரைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது கையில் குச்சி எடுக்கிறாரா? வாளியைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறாரா? சேவலுக்கு முதுகு காட்டாமல் நடக்கிறாரா? வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும். நான் முதல் சேவல் வாங்கிய இடத்தில் அந்த மனிதர் கோழிக்கூட்டில் ஒரு பழைய நாற்காலியைக் கேடயம் போல் தூக்கிக்கொண்டு நடந்தார். அது உட்காருவதற்கு என்று நான் நினைத்தேன்.

இனி நீங்கள் உள்ளே போங்கள். சாதாரணமாக நடந்தால் சேவல் இரண்டு மூன்று அடி தள்ளியே நின்று, உங்களைக் கவனித்தபடி பெட்டைகளுக்கும் உங்களுக்கும் இடையே நகர வேண்டும். அதுவே சரியான நடத்தை. மடியில் வந்து உட்காரும் சேவலைப் பார்த்து மயங்குவது புதியவர்களின் வழக்கம். குஞ்சிலிருந்து கையிலேயே வளர்ந்த சேவலுக்கு மனிதர்மேல் இருக்க வேண்டிய இயல்பான அச்சம் போய்விடுகிறது. பருவம் வந்ததும் உங்களை இன்னொரு சேவலாக எண்ணி எதிர்த்து நிற்கலாம். எட்ட நிற்கும் சேவல்தான் வீட்டுக்கு ஏற்றது. உங்களைப் பார்த்து இறக்கையைத் தாழ்த்திச் சுற்றி வந்தாலோ, பிடரி இறகை விரித்துத் தலையைத் தாழ்த்தினாலோ, அது அன்பால் ஆடும் ஆட்டமில்லை. அறைகூவல்.

கடைசியாகக் கையில் பிடித்துப் பாருங்கள். வரிசையாக இப்படிச் சோதிக்கலாம்:

கண்: தெளிவாக, இரண்டும் ஒரே நிறமாக, பாவை முழு வட்டமாக இருக்க வேண்டும். பாவையின் ஓரம் பிசிறடித்தோ கண் சாம்பல் படிந்தோ இருந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். கண்ணோரத்தில் நுரைக் குமிழி தெரிந்தால் மூச்சுக்குழாய் நோய். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூக்கும் மூச்சும்: சளி, கெட்ட நாற்றம், வீங்கிய முகம் எதுவும் கூடாது. மார்பைக் காதோடு வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது.

கொண்டையும் தாடியும்: நல்ல சிவப்பு. வெளுத்திருந்தால் புழுவோ இரத்தம் உறிஞ்சும் செள்ளோ இருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் இதயமோ நுரையீரலோ திணறுகிறது. ரோஜா வடிவக் கொண்டையுள்ள சேவல்களில் சிலவற்றுக்கு, அந்தக் கொண்டைக்கான மரபணு தாய் வழியும் தந்தை வழியும் வந்திருந்தால், விந்தணுவின் வேகம் குறைவு. கரு பிடிப்பது சற்றுக் குறையும். குஞ்சுதான் நோக்கம் என்றால் ஒற்றைக் கொண்டையோ பட்டாணிக் கொண்டையோ எளிது.

நெஞ்செலும்பு: இரு பக்கமும் சதை நிறைந்திருக்க வேண்டும். கத்தி முனை போலத் தட்டுப்பட்டால் மெலிந்துவிட்டது. எலும்பு நேராக ஓடுகிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

எச்சவாயைச் சுற்றி: இறகை ஊதிப் பிரித்துப் பாருங்கள். பேனும் அதன் வெள்ளை முட்டைக் கொத்தும் ஒளியும் இடம் இதுதான். எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் கழிச்சல் உண்டு. பேன் ஒன்றே குறை என்றால் அதற்காகச் சேவலைக் கழிக்க வேண்டாம், மருந்தில் போய்விடும்.

கால்: செதில் வழவழப்பாகப் படிந்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியது போல் தடித்திருந்தால் செதிலுக்கு அடியில் செள் இருக்கிறது. குணமாக்கலாம், பல வாரம் ஆகும். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் உள்ளே சீழ்க்கட்டி. கால் வலிக்கும் சேவல் பெட்டைமேல் ஏறாது.

பார்த்து முடிந்ததும் அன்றே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கொண்டுவருவது

காற்றுத் துளை உள்ள அட்டைப் பெட்டி போதும். சேவல் நிற்கும் உயரமும் திரும்பும் அகலமும் இருக்கட்டும். அடியில் வைக்கோலோ மரத்தூளோ பரப்புங்கள். இருட்டாக இருந்தால் அமைதியாக வரும். வெயில் நேரத்தையும் மூடிய வாகனத்தையும் தவிர்த்து, மாலையில் கொண்டு வாருங்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவது மூச்சைத் திணறடிக்கும்.

முப்பது நாள் தனிமை

இதைச் செய்யச் சொன்னால் தலையாட்டிவிட்டு யாரும் செய்வதில்லை. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய் தொற்றிய பிறகு அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினைந்து நாள் வரை ஆகலாம். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று பளபளப்பாக இருந்த சேவல் பத்தாம் நாள் தலை தொங்கி நிற்கலாம். ஒரு சேவலுக்காக இருக்கிற கூட்டத்தையே பணயம் வைக்க வேண்டாம்.

தனிக் கூண்டு உங்கள் கோழிகளிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, காற்று கோழிக் கூட்டைக் கடந்து தனிக் கூண்டை நோக்கி வீசும் பக்கமாக இருக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரம், தீவனத் தட்டு, துடைப்பம் எல்லாம் தனி. தினமும் முதலில் பழைய கோழிகளைக் கவனியுங்கள், கடைசியாகப் புதிய சேவலிடம் போங்கள். அங்கே போகும்போது வேறு செருப்பு, வரும்போது கைகழுவல். இந்த ஒழுங்கு தலைகீழானால் தனிமையால் ஒரு பயனும் இல்லை.

இந்த நாட்களில் எச்சத்தைத் தினமும் பாருங்கள். முதல் வாரத்திலேயே எச்ச மாதிரியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, புழு இருந்தால் மருந்து கொடுங்கள். பேன் மருந்து போட்டால் குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டாம் முறையும் போட வேண்டும். முதல் முறை முட்டைகள் சாகாது. இரவில் விளக்கோடு போய்க் கூண்டின் விரிசல்களைப் பாருங்கள். பகலில் ஒளிந்திருக்கும் சிவப்புச் செள் இருட்டில்தான் வெளியே வரும்.

தனிமை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. மைக்கோபிளாஸ்மா போன்ற மூச்சு நோய்கள் குணமானது போல் தோன்றி உடலுக்குள்ளேயே தங்கிவிடும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். இதற்காகத்தான் கடைசி வாரத்தில் உங்கள் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பெட்டையை எடுத்துச் சேவலோடு விடச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். அந்தப் பெட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவற்றையும் நம்பிச் சேர்க்கலாம். கல்நெஞ்சம் போலத் தோன்றும். கூட்டம் முழுவதையும் இழப்பதைவிட மேல்.

கூட்டத்தில் சேர்ப்பது

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது என்பதை 1920களின் தொடக்கத்தில் நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே எழுதிவைத்தார். சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பு எடுத்தவர் அவர். புதிய பறவை வந்தால் அந்த வரிசை மறுபடி எழுதப்படும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் கம்பி வலைக்கு இருபுறமும் வைத்துப் பார்த்துப் பழக விடுங்கள். பிறகு விசாலமான இடத்தில், காலையில், தீவனத்தை இரண்டு மூன்று இடத்தில் வைத்துவிட்டு வலையைத் திறங்கள். முதிர்ந்த சேவலின் அருமை இப்போது தெரியும். இளஞ்சேவலை மூத்த பெட்டைகள் விரட்டி அடித்து மூலையில் நிறுத்திவிடும்; இரண்டு வயதுச் சேவல் இறக்கையை இரண்டு முறை தட்டி, ஒரு முறை கூவி, தீவனத்தைக் காட்டி அழைக்கத் தொடங்கிவிடும். தலைமைப் பெட்டை ஒரு முறை மார்போடு மார்பு மோதிப் பார்க்கும். அதில் குறுக்கிடாதீர்கள். இரத்தம் வந்தால், அல்லது ஒரு பெட்டை தின்ன வராமல் ஒளிந்தே கிடந்தால் மட்டும் பிரித்து மீண்டும் தொடங்குங்கள்.

ஏற்கெனவே ஒரு சேவல் இருக்கும் கூட்டத்தில் இன்னொன்றை விடுவது வேறு கதை. இருபதுக்கு மேல் பெட்டையும் ஒன்றையொன்று பார்க்காமல் மேயும் அளவுக்கு இடமும் இல்லாத வீட்டில் அதை முயலவே வேண்டாம்.

முதல் மாதம் உங்கள் நடையும் முக்கியம். சேவல் வழியில் நின்றால் சுற்றிப் போகாதீர்கள். நேராக நடங்கள், அது விலகட்டும். கையில் தீனி கொடுக்காதீர்கள், தரையில் போடுங்கள். பெட்டையை அதன் கண் முன்னால் விரட்டிப் பிடிக்காதீர்கள். பிடிக்க வேண்டுமானால் இரவில் கம்பில் அடைந்த பிறகு எடுங்கள். சேவல் சவால் விட்டால் உதைப்பதும் ஓடுவதும் இரண்டுமே தவறு. உதைத்தால் சண்டைக்கு வந்தீர்கள் என்றும் ஓடினால் தோற்றீர்கள் என்றும் அது கணக்கு வைக்கும். அமைதியாக அதை நோக்கி நடந்து, அது விலகும்வரை நில்லுங்கள். சிறு குழந்தைகள் நடமாடும் வீடு என்றால் இந்தப் பொறுமைக்கெல்லாம் இடமில்லை. குழந்தையின் முகம் சேவலின் முள் எட்டும் உயரத்தில் இருக்கிறது. மனிதர்மேல் ஒரு முறை பாய்ந்தாலும் அந்தச் சேவல் அங்கே இருக்கக் கூடாது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதை வாங்கும் முன்பே வீட்டாரோடு பேசி வையுங்கள். உங்கள் கோழிகளோடு பழகிய சேவல் நோயைச் சுமந்துகொண்டு பழைய வீட்டுக்குத் திரும்பலாம் என்பதால், "சரிவரவில்லை என்றால் திருப்பித் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

முள்ளின் நுனி கூர்மையாகிப் பெட்டைகளின் விலாவைக் கீறினால் அரத்தால் நுனியை மட்டும் மழுக்குங்கள். உள்ளே இரத்தம் ஓடும் பகுதி இருக்கிறது. ஆழமாக வெட்டக் கூடாது.

தீவனம் பற்றி ஒன்று. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். முட்டை ஓட்டுக்கு அது வேண்டும். முட்டையே இடாத சேவலின் சிறுநீரகத்துக்கு அது நாள்பட்ட சுமை. வளரும் கோழிக்கான தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் பெட்டைகள் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். சேவல் பெரும்பாலும் அதைத் தொடாது.

கரு பிடித்திருக்கிறதா?

சேவல் மிதித்த மறுநாள் வரும் முட்டை முன்பே உருவாகத் தொடங்கியது. அதில் கரு இருக்காது. அதற்கடுத்த முட்டையில் இருக்கலாம். எல்லாப் பெட்டைகளையும் சேவல் கவனித்திருக்க ஏழு முதல் பத்து நாள் விட்டுப் பாருங்கள். முன்பு வேறு சேவல் இருந்திருந்தால் கணக்கு மாறும். பெட்டையின் முட்டைக்குழாய்ச் சுவரில் உள்ள நுண்ணிய குழல்களில் விந்தணு இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு தங்கும். பழைய சேவல் போய் நான்கு வாரம் ஆன பிறகு எடுக்கும் முட்டைதான் புதிய சேவலுடையது என்று துணிந்து சொல்ல முடியும்.

சமையலுக்கு எடுத்த முட்டையை ஒரு தட்டில் உடைத்து, மஞ்சள் கருவின் மேல் தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். ஒழுங்கில்லாத சிறு வெண்புள்ளி மட்டும் இருந்தால் கரு இல்லை. சுமார் நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டது போல் இருந்தால் கரு உண்டு. ஒரே முட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேவலுக்கும் பிடித்த பெட்டை, பிடிக்காத பெட்டை உண்டு. மூன்று நான்கு நாள் வெவ்வேறு பெட்டையின் முட்டைகளை உடைத்துப் பாருங்கள். பத்தில் எட்டில் வளையம் தெரிந்தால், மறுநாள் காலை முதல் முட்டைகளை அடைக்கென்று தனியாக எடுத்து வைக்கத் தொடங்கலாம். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டைகளை விலக்கிவிட்டால், மீதி இருபத்தொன்றாம் நாளில் பொரிக்கும்.